பேக்கிங் சரியில்லை

போன மே மாதக் கடைசியில் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. மொத்தமே நாலு வரி. பார்சலில் இருந்த பொருள் முறையாக பேக் செய்யப்படாததால் சேதம் ஏற்பட்டிருக்கிறதாம், அதற்கு நிறுவனம் பொறுப்பில்லையாம். ஆனாலும் நல்லெண்ண அடிப்படையில், அனுப்பியவர் அறிவித்த மதிப்பான 2,000 ரூபாயைத் தரத் தயாராம். கடைசி வரியில், எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று ஒரு கேள்வி.

அந்தப் ‘பொருள்’ அம்மாவின் வீணை.

இந்தக் கட்டுரை அந்த வீணைக்கான ஒப்பாரி இல்லை. எங்கள் வீட்டில் யாரும் மேடைக் கலைஞர் கிடையாது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் அப்பாவுக்கு வேலை. சாயங்காலங்களில் அம்மா தெருப் பிள்ளைகளுக்கு வீணை சொல்லிக் கொடுத்தாள். 1991இல் தஞ்சாவூரில் வாங்கிய வீணை அது, அப்போது அப்பாவின் மூன்று மாதச் சம்பளம். எனக்குச் சண்டை இருப்பது அந்த மின்னஞ்சலின் முதல் வரியோடு. ‘பேக்கிங் சரியில்லை’ என்ற இரண்டு வார்த்தைகளை வைத்துக்கொண்டு ஒரு முழுத் துறையே தன் பொறுப்பை நம் தலையில் கட்டிவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. அதை நாமும் தலையாட்டி ஒத்துக்கொள்கிறோம். என் சண்டையில் பாதி என்னோடும்தான், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

*

முதலில் பேக்கிங்கைப் பற்றியே பேசிவிடுவோம்.

வீணையின் மெட்டுகள் மரத்தில் அறையப்பட்டவை அல்ல. தண்டியின் இரு விளிம்புகளிலும் தேன்மெழுகு கலந்த கறுப்புக் கலவையால் வரப்பு கட்டி, அதன்மேல் 24 மெட்டுகளையும் ஒவ்வொன்றாகச் சுரம் பார்த்துப் பதிப்பார்கள். மேளம் கட்டுவது என்று இதற்குப் பெயர். சில வருடங்களுக்கு ஒருமுறை மெழுகு தளர்ந்து சுரம் விலகும், மறுபடி கட்ட வேண்டும். அப்பா இருந்தவரை அவரே ரயிலில் தஞ்சாவூருக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருவார். இந்தமுறை போகும்போது நான் காரில் கொண்டுபோய் விட்டேன். திரும்ப எடுத்துவர நேரமில்லை. ஒரு ரிலீஸ் இருந்தது. “பார்சல்ல போட்டுடுங்க” என்று போனில் சொன்னேன்.

அந்த ஆசாரி வெளிநாட்டுக்கு வீணை அனுப்பிப் பழகியவர். ஏழு தந்திகளையும் தளர்த்தியிருந்தார். குதிரையைத் தனியே கழற்றித் துணியில் சுற்றியிருந்தார். யாளி முகத்துக்குக் கீழே தண்டி ஆடாதபடி பஞ்சுத் திண்டு. குடத்தைச் சுற்றி நாலு விரல் கனத்துக்கு நுரைப் பஞ்சு. அதற்கு மேல் பலகைப் பெட்டி. பெட்டியின் ஆறு பக்கங்களிலும் கண்ணாடிக் கோப்பைச் சின்னம், மேல்நோக்கிய அம்புக்குறி. உலகம் முழுக்க ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காக ஐஎஸ்ஓ 780 என்ற தரத்தில் வகுக்கப்பட்ட சின்னங்கள் அவை. தமிழ் தெரியாதவருக்கும், எழுத்தே தெரியாதவருக்கும் புரிய வேண்டியவை.

பெட்டி வந்து சேர்ந்தபோது ஒரு மூலை மட்டும் நசுங்கியிருந்தது. பலகை உடையவில்லை. உள்ளே குடமும் தண்டியும் சேரும் இடத்தில் வாய் பிளந்திருந்தது. எங்களுடையது ஒட்டு வீணை. குடம், தண்டி, யாளி மூன்றையும் பலாமரத்தில் தனித்தனியாகக் கடைந்து இணைத்தது. ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணை வாங்க அன்றைக்கு வசதியில்லை. அடி விழுந்தால் ஒட்டு வீணையில் முதலில் விடுவது அந்த இணைப்புதான்.

பெட்டி உடையாமல் உள்ளே எப்படி உடையும் என்று கேட்கலாம். பள்ளிக்கூட இயற்பியல் போதும். இடுப்பு உயரத்திலிருந்து, அதாவது 90 சென்டிமீட்டரிலிருந்து, ஒரு பொருள் விழுந்து 1 சென்டிமீட்டர் தூரத்துக்குள் நிற்கிறது என்றால், நிற்கும் அந்தக் கணத்தில் அதன்மேல் ஏறும் விசை சராசரியாக அதன் எடையைப் போல 90 மடங்குக்கு மேல். நுரைப் பஞ்சு செய்வதெல்லாம் அந்த 1 சென்டிமீட்டரை 4 ஆக்குவதுதான். அப்போது விசை 20 மடங்குச் சொச்சமாகக் குறையும். அதை வீணை ஒருவேளை தாங்கும். ஆனால் பெட்டி தலைகீழாக, பஞ்சு கம்மியாக இருக்கும் முனையில் போய் விழுந்தால்? ஒரு பக்கம் கனத்த குடம், மறுபக்கம் நெம்புகோல் மாதிரி நீண்ட தண்டி. நடுவில் இருக்கும் பசைதான் பாவம். அம்புக்குறி போடுவது அதற்காகத்தான்.

போதாததற்கு வெயில். அக்னி நட்சத்திரத்தில் மூடிய லாரிக்குள் கிடந்த பெட்டி. புதிதாகக் கட்டிய மேளத்தில் மேல்ஸ்தாயி மெட்டுகள் நாலைந்து மெழுகுக்குள் அமிழ்ந்து சாய்ந்திருந்தன. இதற்கு எந்தப் பேக்கிங் போட்டிருக்க வேண்டும் என்று நிறுவனம் சொல்லவில்லை.

*

பெட்டி நேராக வீட்டுக்கு வரவில்லை. ‘முகவரி கண்டுபிடிக்க முடியவில்லை’ என்று இரண்டு நாள் ஸ்டேட்டஸ் காட்டிய பிறகு, செங்குன்றம் தாண்டி நெடுஞ்சாலையோரம் இருந்த அவர்களுடைய கிடங்குக்கு நானே போனேன். இந்தப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். எங்கள் சின்ன வயதில் ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்தால் வயல், ஏரி, அப்புறம் சிப்காட்டின் புகைபோக்கிகள். இப்போது செங்குன்றத்திலிருந்து கும்மிடிப்பூண்டி வரை சாலையின் இரண்டு பக்கமும் நீல நிறத் தகரக் கூரைகள். நாடு முழுவதும் வீட்டு வாசலில் வந்து விழும் அட்டைப்பெட்டிகளில் ஒரு பங்கு திருவள்ளூர் மாவட்டத்து மண்ணில் ஒரு ராத்திரி படுத்துவிட்டுத்தான் போகிறது.

உள்ளே ஒரு லாரியிலிருந்து சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது. வண்டிக்குள் இரண்டு பேர், கீழே இரண்டு பேர். மேலே இருப்பவர் கொடுப்பதில்லை, விடுகிறார். கீழே இருப்பவர் வாங்குவதில்லை, தடுக்கிறார். பெல்ட்டின் முடிவில் சரிவுப் பலகை, அதன் அடியில் குவியல். கண்ணாடிக் கோப்பைச் சின்னம் போட்ட பெட்டிகள் எனக்குத் தெரிந்தே பத்துப் பன்னிரண்டு இருந்தன. எல்லாம் அதே குவியலில்.

சரக்கு இறக்கிக்கொண்டிருந்த பையனுக்கு இருபது வயதுதான் இருக்கும். ஊர் பீகார் என்றான். சின்னத்தைக் காட்டி, “இது என்னன்னு தெரியுமா தம்பி?” என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே, “தெரியும் அண்ணா, கிளாஸ். ஆனா எட்டு மணிக்கு வண்டி காலி ஆவணும்” என்றான்.

அவ்வளவுதான் விஷயம். அவனுக்குத் தெரிகிறது. தெரிந்ததைச் செய்ய அவனுக்கு நேரம் கொடுக்கப்படவில்லை. அவன் சம்பளத்தில், அவன் ஷிப்டில், அவன் மேலாளர் பார்க்கும் திரையில் எங்கேயும் அந்தச் சின்னத்துக்கு ஓர் எண் கிடையாது. எத்தனை பெட்டி, எத்தனை நிமிடம் என்பதற்கு எண் இருக்கிறது. மெதுவாக இறக்கினால் அவன் நஷ்டப்படுவான். வேகமாக இறக்கினால் நான் நஷ்டப்படுவேன். இரண்டில் எதிலும் நிறுவனத்துக்கு நஷ்டமில்லை.

இலக்கிய நண்பர்கள் சிலரிடம் இதைச் சொன்னபோது, “கலையோட அருமை தெரியாதவன் கையில சிக்கினா இப்படித்தான்” என்றார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வீணையின் அருமை தெரிந்த ஒருவரை அந்த லாரியில் ஏற்றி, எட்டு மணிக்குள் காலி பண்ணச் சொல்லுங்கள். ஏழரைக்கு அவரும் விட ஆரம்பிப்பார்.

*

இப்போது என் பங்கு.

நாலைந்து வருடம் முன்பு, நான் அப்போது வேலை பார்த்த கம்பெனி வேறொரு பார்சல் நிறுவனத்துக்கு மென்பொருள் செய்து கொடுத்தது. சேதப் புகார்களைப் பதியும் திரை என் பொறுப்பு. ‘சேதத்துக்கான காரணம்’ என்று ஒரு கட்டம். அழுத்தினால் பட்டியல் விரியும்: கையாளும்போது, மழை நீர், விபத்து, பேக்கிங் போதாமை, மற்றவை. சோதனையின்போது வாடிக்கையாளர் தரப்பிலிருந்து ஒரு திருத்தம் கேட்டார்கள். கட்டம் காலியாக இருக்கக் கூடாது, திறக்கும்போதே ‘பேக்கிங் போதாமை’ தேர்வாகியிருக்க வேண்டும். வேறு காரணத்தைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் மேலதிகாரியின் ஒப்புதலும் விளக்கமும் கேட்க வேண்டும்.

பத்து நிமிட வேலை. செய்து முடித்து டிக்கெட்டை மூடினேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. இதனால் யார் தலையில் என்ன விழும் என்று நான் யோசிக்கவே இல்லை. கிளையில் உட்கார்ந்திருக்கும் ஊழியர், வரிசையில் ஐம்பது புகார் வைத்துக்கொண்டு, விளக்கம் எழுதி ஒப்புதல் வாங்கவா போகிறார்? விட்டது விட்டபடி சேமித்துவிட்டு அடுத்ததுக்குப் போவார். மாதக் கடைசியில் அறிக்கை சொல்லும்: பெரும்பாலான சேதங்களுக்குக் காரணம் மக்கள் ஒழுங்காக பேக் பண்ணாததுதான். பிறகு அதையே சான்றாகக் காட்டி மின்னஞ்சல் அனுப்புவார்கள்.

என் வீணை போனது வேறு நிறுவனத்தில். ஆனால் எனக்கு வந்த அந்த நாலு வரியைப் படித்தபோது, அதை எழுதியது ஒரு மனிதர் இல்லை என்பது உடனே தெரிந்துவிட்டது. என்னைப் போல ஒருவன் எங்கேயோ பத்து நிமிடம் வேலை பார்த்திருக்கிறான்.

இரண்டாவது பங்கு அந்த 2,000 ரூபாய். தஞ்சாவூர் கிளையிலிருந்து ஆசாரியின் மகன் போன் பண்ணினார். “தம்பி, மதிப்பு எவ்ளோ போடணும்னு கேக்கறாங்க.” கிளைக்காரர் போனை வாங்கி, “2,000ன்னு போட்டுக்கறேன் சார். அதுக்கு மேலன்னா பில் கேப்பாங்க, இ-வே பில் அது இதுன்னு இழுக்கும்” என்றார். சரி என்றேன். சொந்த உபயோகத்தில் இருந்த பழைய வீட்டுப் பொருளுக்கு இ-வே பில்லே தேவையில்லை என்று ஜிஎஸ்டி விதியிலேயே விலக்கு இருப்பது பின்னால்தான் தெரிந்தது. கிளைக்காரருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அந்த அறியாமை யாருக்கு வசதி என்று பாருங்கள்.

*

இது புதுத் தந்திரம் என்று நினைத்தேன். இல்லை. சட்டத்தைத் தோண்டினால் ஒன்றரை நூற்றாண்டு ஆழத்துக்குப் போகிறது.

பழைய ஆங்கிலச் சட்ட மரபில், கூலிக்குச் சரக்கு சுமப்பவன் கிட்டத்தட்ட காப்பீட்டாளர் மாதிரி. இயற்கைப் பேரிடரும் எதிரிப் படையும் தவிர எதனால் பொருள் போனாலும் அவன் பொறுப்பு. வண்டிக்காரர்கள் இதை எதிர்க்க, ஒரு சமரசம் வந்தது. இந்தியாவில் அதன் வடிவம் 1865ஆம் ஆண்டின் சரக்குச் சுமப்போர் சட்டம். அதன் அட்டவணையில் பெயர் உள்ள பொருள் 100 ரூபாய்க்கு மேல் பெறுமானால், முன்கூட்டியே மதிப்பைச் சொல்லியிருந்தால்தான் பொறுப்பு. சொன்னால் அவன் கூடுதல் கூலி கேட்கலாம். தங்கம், முத்து, கண்ணாடி, அபின், பவளம், பறவை இறகு என்று போகும் அந்தப் பட்டியலில் ஓர் இடம் இசைக்கருவிகளுக்கும் உண்டு. ஆக, இசைக்கருவி உடையும் என்பது வெள்ளைக்காரன் காலத்துக் குமாஸ்தாவுக்கே தெரிந்திருக்கிறது.

அந்தச் சமரசத்தில் ஒரு நியாயம் இருந்தது. நீ உண்மை மதிப்பைச் சொல், கூடுதலாகக் கொடு, நான் கவனமாகச் சுமக்கிறேன், உடைத்தால் முழுசாகத் தருகிறேன். இன்றைக்கு அந்த ஒப்பந்தத்தில் ஒரு பாதி மட்டும் உயிரோடு இருக்கிறது. உச்சவரம்பு இருக்கிறது. மதிப்பைச் சொல்லும் வாய்ப்பைக் கவுண்டரிலேயே மடக்கிவிடுகிறார்கள்.

1865 சட்டத்தின் இடத்தில் 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குச் சட்டம் வந்தது. நடைமுறைக்கு வந்தது 2011 மார்ச்சில். கூடுதல் ஆபத்துக் கட்டணம் கட்டாத சரக்குக்கு, கொடுத்த வாடகையின் 10 மடங்குதான் பொறுப்பின் எல்லை, அதுவும் அறிவித்த மதிப்பைத் தாண்டாமல். நீதிமன்றங்கள் இரண்டு பக்கமும் பேசியிருக்கின்றன. 1996இல் பாரதி நிட்டிங் கம்பெனி வழக்கில், ரசீதில் அச்சிட்டிருந்த 100 டாலர் வரம்பு கையெழுத்துப் போட்டவரைக் கட்டுப்படுத்தும் என்றது உச்ச நீதிமன்றம். 2000இல் பட்டேல் ரோடுவேஸ் வழக்கில், சுமப்பவரின் பொறுப்பு காப்பீட்டாளரின் பொறுப்பு போன்றது, கவனக்குறைவை வாடிக்கையாளர் நிரூபிக்கத் தேவையில்லை என்றது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்பதற்குத் தனியாக இலக்கணமே எழுதியிருக்கிறது. சட்டம் நமக்கு எதிராகவே இருக்கிறது என்று சொல்ல முடியாது. நாம் அங்கே போவதே இல்லை என்பதுதான் அவர்களுடைய கணக்கு.

*

இதைப் பேசினால் உடனே யாராவது டேவ் கரோல் கதையைச் சொல்வார்கள். கனடாக்காரர். 2008இல் சிகாகோ விமான நிலையத்தில் அவருடைய கிடாரை உடைத்தார்கள். ஒன்பது மாதம் அலைந்தார், ஒன்றும் நடக்கவில்லை. 2009 ஜூலையில் அந்த விமான நிறுவனத்தைக் கிண்டலடித்து ஒரு பாட்டு எழுதி யூடியூபில் போட்டார். லட்சக்கணக்கில் பார்த்தார்கள். நிறுவனம் இறங்கி வந்தது. சமூக ஊடகத்தின் வெற்றி என்று மேலாண்மை வகுப்புகளில் பாடமாகவே வைத்துவிட்டார்கள்.

எனக்கு அந்தக் கதை எரிச்சலூட்டுகிறது. 1,200 டாலர் ரிப்பேர் செலவைக் கேட்க ஒரு மனிதன் உலகப் புகழ் அடைய வேண்டியிருந்தது என்பது எப்படி வெற்றி? 2014இல் லண்டனிலிருந்து டில்லி திரும்பும்போது அம்ஜத் அலி கான் 40 ஆண்டுகளுக்கு மேல் வாசித்த சரோத் வரவில்லை. உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. சில நாளில் கிடைத்தது. அவருக்குக் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம். ஆனால் கும்மிடிப்பூண்டியில் வீடு வீடாகப் போய்ச் சொல்லிக் கொடுக்கும் பாட்டு டீச்சரின் வீணைக்கு எந்தப் பத்திரிகை எழுதும்? வைரலாவது நீதி இல்லை, லாட்டரி.

நான் நினைத்துப் பார்ப்பது இன்னொரு சம்பவம். 2020 தொடக்கத்தில் பெர்லினில் ஏஞ்செலா ஹெவிட் என்ற பியானோ கலைஞரின் ஃபாத்சியோலி பியானோவைத் தூக்கியவர்கள் கீழே போட்டுவிட்டார்கள். இரும்புச் சட்டமே உடைந்துபோனது. சரிசெய்ய முடியாது என்று செய்தவர்களே சொல்லிவிட்டார்கள். தூக்கியவர்கள் பியானோவைச் சுமப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள். அப்படிப்பட்டவர்கள் கையிலும் நழுவும். உடைவது எங்கேயும் நடக்கும், அதை ஒத்துக்கொள்கிறேன். உடைந்த பிறகு யார் சுமப்பது என்பதுதான் கேள்வி. பியானோவுக்கு அந்தக் கேள்வியைக் கேட்க ஓர் ஏற்பாடு இருந்தது: மதிப்பு தெரிந்த சரக்கு, தவறை ஒத்துக்கொண்ட ஆட்கள், காப்பீடு. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணைக்கு நம்மிடம் இருப்பது ஒரு ட்ராப்டவுன்.

*

“இதெல்லாம் மடியில வச்சுக் கொண்டு வர வேண்டிய பொருள், பார்சல்ல போட்டது உன் தப்பு” என்பார்கள். என் மனசாட்சியும் அதைத்தான் சொன்னது. ஆனால் யோசித்துப் பாருங்கள். பட்டறையில் வீணை செய்பவர் தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்றுப் பிழைக்க முடியாது. டெல்லியில் கற்கும் குழந்தைக்கு வீணை எப்படிப் போகும்? மடியில் வைத்துக் கொண்டுபோக வசதியும் விடுமுறையும் உள்ளவர்களுக்கு மட்டும்தான் வீணையா? கூலி வாங்கிக்கொண்டு சுமக்கிறேன் என்று கடை திறந்தவரிடம் சுமந்து தா என்று கேட்பது தப்பே இல்லை.

“அப்படியெல்லாம் கவனமா இறக்கினா கட்டணம் ஏறும்” என்பது இன்னொரு வாதம். ஏறட்டும். உடையும் பொருளுக்கு வெளிப்படையாகக் கூடுதல் கட்டணம் சொல்லுங்கள். அந்தக் காசில் அந்தப் பையனுக்கு இன்னும் ஓர் ஆளைத் துணைக்குப் போடுங்கள். இப்போதும் அந்தச் செலவை யாரோ கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒரே ஆளாக, மொத்தமாக, என் அம்மா மாதிரி ஒருத்தி கட்டுகிறாள்.

நான் பெரிதாக ஒன்றும் கிழித்துவிடவில்லை. செய்தது இவ்வளவுதான். பெட்டியைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன். வாங்கும்போதே ரசீதில் ‘மூலை நசுங்கியுள்ளது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது தற்செயலாக நான் செய்த ஒரே நல்ல காரியம். பதிவு செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்கிறது சட்டம், கொடுத்தேன். ஆசாரி அனுப்பும் முன் எடுத்திருந்த போட்டோக்களைச் சேர்த்துத் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட்டிருக்கிறேன். 5 லட்சம் வரை கட்டணமில்லை. ஒரே மாவட்டம்தான், ஆனால் கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூருக்கு ரயிலில் போக வேண்டுமென்றால் சென்னைக்குப் போய் வேறு தடத்தில் மாற வேண்டும். அந்தப் பயணத்தையும் அவர்கள் கணக்கில் சேர்த்திருப்பார்கள். 2,000 ரூபாயை வாங்கவில்லை. வாங்கினால் ‘முழுத் தீர்வாக ஏற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்துக் கேட்கிறார்கள்.

தோற்கலாம். 2,000 என்று ஒத்துக்கொண்டது நான்தானே என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும்.

வீணை மறுபடி தஞ்சாவூர் போய் வந்துவிட்டது, இந்தமுறை என் காரில், போகவும் வரவும். இணைப்பை ஒட்டி, மேளம் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். மந்தர தந்தியை மீட்டினால் மட்டும் ஒரு மெல்லிய அதிர்வு. எனக்குக் கேட்பதில்லை, அம்மாவுக்குக் கேட்கிறது. அந்த மின்னஞ்சலை அம்மாவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டாள்: “உங்கப்பா எழும்பூர் வரைக்கும் ராத்திரி பூரா மடியில வச்சுக்கிட்டு வந்தாரே, ஒரு துணி உறைதான் போட்டிருந்தோம். அப்ப பேக்கிங் சரியா இருந்துச்சாடா?”

அடுத்தமுறை கவுண்டரில் மதிப்பு எவ்வளவு என்று கேட்டால், உண்மையைச் சொல்லுங்கள். பில் கேட்பார்கள், இழுப்பார்கள், முறைப்பார்கள், பின்னால் நிற்பவர் உச்சுக் கொட்டுவார். கொட்டட்டும். இந்தத் துறையில் வேலை பார்க்கும் என் மாதிரி ஆட்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். காரணத்தை ஒரு மனிதர் யோசித்து நிரப்பட்டும்.